ஓட்ட ஜோரா இருக்கிற சின்ன காரு: வச்சுக்கறதா, மாடிஃபை பண்றதா, மாத்திடறதா? காரைக்குடிப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு வழிகாட்டி

போலோ, பழைய ஸ்விஃப்ட், ஃபிகோ, புன்டோ, பலேனோ ஆர்எஸ்னு ஓட்ட ஜோரா இருக்கிற சின்ன காரை வச்சிருக்கவங்க நம்ம பக்கம் நிறைய. அஞ்சாறு வருஷம் ஆனதும் எல்லாருக்கும் ஒரே குழப்பம்தான் வருது, இதையே வச்சுக்கலாமா, கொஞ்சம் செலவு பண்ணி இன்னும் நல்லாக்கலாமா, இல்ல வித்துட்டு புதுசு எடுக்கலாமா. எங்கிட்ட இருக்கறது 2020 போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) மேனுவல். இதுக்கு ஒழுங்கா ஒரு பதில் வாங்க நான் அலைஞ்ச அலைச்சல் கொஞ்சமில்ல. மெக்கானிக்கைக் கேட்டா வச்சுக்கங்கம்பாரு, ஷோரூம்ல எக்ஸ்சேஞ்ச் போட்டுருங்கம்பாங்க, டியூனிங் பண்ற தம்பி "அண்ணே ஒரு ரீமேப் போட்டா போதும்ணே"ம்பாரு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேரை மாத்தி பவரை ஏத்தறது. அவங்கவங்க பொழப்பு அவங்கவங்களுக்கு. உங்க காருக்கு எது சரின்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும், அதுக்கு வரிசை முக்கியம்: முதல்ல காரோட உடம்பு, அப்புறம் பேப்பர், அப்புறம் காசு, மாடிஃபிகேஷன் அதுக்கும் அப்புறம்தான். இந்த வரிசையைத் தலைகீழா போட்டவங்கதான் அதிகமா காசை விடறாங்க.

1. காரு யாருக்கு, எங்க ஓடுதுன்னு எழுதுங்க

ஒரு சின்ன நோட்டை கிளவ் பாக்ஸ்ல போட்டு ஒரு மாசம் எழுதுங்க. எங்க போனீங்க, எத்தனை கிலோமீட்டர், பின் சீட்டுல யாரு. இதை எழுதாம யோசிச்சா நம்ம மனசு எப்பவும் திருமயம் ரோட்டுல தனியா விரட்டிட்டுப் போன அந்த ஒரு காலையைத்தான் ஞாபகம் வச்சுக்கும், மீதி நாளெல்லாம் செக்காலைக்கும் கழனிவாசலுக்கும் காய்கறி வாங்கப் போனது மறந்துரும்.

பெரும்பாலும் ரெண்டு கிலோமீட்டர் மூணு கிலோமீட்டர் ஓட்டம்தான்னா, டர்போ என்ஜின்ல ஆயில் சரியா சூடாகறதுக்குள்ள நிறுத்திடறீங்கன்னு அர்த்தம். அப்ப கிலோமீட்டரைப் பாக்காதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாத்தியே ஆகணும்.

இன்னொரு வகை நம்ம ஊருக்கே உள்ளது. வீடு இங்க, ஆளு சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ, காரு பெரிய வீட்டு கார் ஷெட்டுல மாசக்கணக்கா நிக்கும், பங்குனி உத்திரத்துக்கோ ஒரு கல்யாணத்துக்கோ வந்தாத்தான் சாவியை எடுக்கறது. இப்படி நிக்கிற காருக்கு ஓடுற காரைவிட செலவு வரும். பேட்டரி போகும், டயரு ஒரே இடத்துல அழுந்தி தட்டையாகும், எலி ஒயரிங்கைக் கடிக்கும். வீட்டைப் பாத்துக்கறவர்கிட்ட "வாரத்துக்கு ஒருக்க ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க"ன்னு சொல்லிட்டுப் போறது பத்தாது, அஞ்சு நிமிஷ ஐடில்ல பேட்டரி ஏறாது, என்ஜினும் ஈரத்தோடயே நிக்கும். லைசென்ஸ் உள்ள ஒருத்தரை ரெண்டு வாரத்துக்கு ஒருக்க குன்றக்குடி வரைக்கும் ஓட்டிட்டு வரச் சொல்லுங்க, போக வர 20 கிலோமீட்டர் வரும், அது போதும். வருஷத்துக்கு நாலு தடவைதான் எடுக்கறீங்கன்னா வித்துட்டு வர்றப்ப வாடகைக்கு எடுக்கறது மலிவு. சொல்ல கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா கணக்கு அப்படித்தான் வருது.

பின் சீட்டுல வயசானவங்க அடிக்கடி ஏறுறாங்களா? எங்க அப்பத்தாவுக்கு முட்டி வலி, குனிஞ்சு உள்ள போய் உக்காந்தா எந்திரிக்க ஒருத்தர் கை கொடுக்கணும். எந்த மாடிஃபிகேஷனும் இதைச் சரி பண்ணாது. நோட்டுல வாராவாரம் இப்படி வந்துச்சுன்னா நேரா 7-ஆவது படிக்குப் போயிருங்க.

2. காரை முழுசா செக் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி எந்த முடிவும் வேணாம்

இதுதான் எல்லாத்துலயும் முக்கியமான படி, இதுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க. லிஃப்ட் இருக்கிற, உங்க கம்பெனி காருக்கு ஸ்கேனர் வச்சிருக்கிற ஒர்க்ஷாப்பா பாத்துப் போங்க, மதுரையோ திருச்சியோ போனாலும் பரவால்ல. வெறும் செக்கப்புக்கு 1,500-ல இருந்து 3,000 வரைக்கும் கேப்பாங்க, சந்தோஷமா கொடுங்க. முதல்லயே சொல்லிடுங்க, "இன்னைக்கு எதையும் மாத்த வேணாம், லிஸ்ட்டும் விலையும் மட்டும் எழுதிக் கொடுங்க"ன்னு. லிஃப்ட்டுல ஏத்தினதுக்கு அப்புறம் "சார் இதையும் போட்டுரலாம்"னு ஆரம்பிச்சா நிறுத்த முடியாது.

லிஃப்ட்டுக்குக் கீழ நீங்களும் நில்லுங்க. லோயர் ஆர்ம் புஷ்ஷுல (சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ்க் கையோட ரப்பர் மூட்டு) மெக்கானிக் கடப்பாரையை விட்டு நெம்பச் சொல்லுங்க, நல்ல புஷ்னா லேசா அசையும், போன புஷ்னா ரப்பர்ல கிழிசல் வாய் திறக்கிறது கண்ணுக்கே தெரியும். ஸ்பீடு பிரேக்கர் இறங்குறப்ப "டொக்"குன்னு ஒரு சத்தம் வருமே, முக்காவாசி நேரம் இந்த புஷ்ஷோ லிங்க் ராடோ ஸ்ட்ரட் மவுண்ட்டோதான், நம்ம ஊரு உள்ரோட்டுக்கு இது சீக்கிரமே போகும். பெரிய செலவு கிடையாது, ஆனா இது போனதும் காரே பழசாயிட்ட மாதிரி ஒரு நினைப்பு வந்துரும், அந்த நினைப்புலயே வித்தவங்க இருக்காங்க.

டயரு சைடுல டிஓடின்னு ஒரு எழுத்து, அந்த வரிசை முடியிற இடத்துல நாலு நம்பர் இருக்கும். 0820-ன்னு இருந்தா 2020-ல 8-ஆவது வாரம் செஞ்ச டயருன்னு அர்த்தம். ட்ரெட் எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாக்காதீங்க. என் காருல ட்ரெட் பாதிக்கு மேல இருந்துச்சு, ஆனா சைடுல நகத்தை வச்சு அழுத்தினா மெல்லிசா வெடிப்பு, நம்ம வெயில்ல நின்னு நின்னு ரப்பர் இறுகிப் போச்சு. நாலையும் மாத்தினதும் பிரேக் பிடிக்கிறதும் வளைவுல நிக்கிறதும் வேற காரு மாதிரி ஆயிருச்சு.

மத்ததை வேகமா சொல்லிடறேன். பிரேக் ஃப்ளூயிடு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மாத்தணும், பாதிப் பேரு மாத்தறதே இல்ல. செம்மண் தூசி ஏர் ஃபில்டரை நாம நினைக்கிறதுக்கு முன்னாடியே அடைச்சிரும். என்ஜின் மவுண்ட், கூலன்ட் கசிவு, டர்போ பைப்புல ஆயில் ஈரம், கிளட்ச் வழுக்குதா, ஸ்கேனர்ல பழைய எரர் கோடு ஏதும் இருக்கா, எல்லாத்தையும் லிஸ்ட்டுல ஏத்தச் சொல்லுங்க. டைமிங் பெல்ட் உள்ள என்ஜினா செயின் உள்ளதான்னும் கேட்டுக்கோங்க, பெல்ட்டுன்னா மாத்துற கெடு மேனுவல்லயே இருக்கும், அதைத் தாண்டி ஓட்டி அறுந்துச்சுன்னா என்ஜினே போச்சு. 7-ஸ்பீடு டிரை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வச்சிருக்கவங்க கிளட்ச் பேக்கையும் மெகாட்ரானிக் யூனிட்டையும் (கியரைத் தானா மாத்துற எலக்ட்ரானிக் பகுதி) தனியா செக் பண்ணுங்க, அந்த வகை கியர்பாக்ஸ்ல பெருங்காசு அங்கதான் இருக்கு.

லிஸ்ட்டு கைக்கு வந்ததும் மூணா பிரிங்க: உடனே செய்ய வேண்டியது, ஒரு வருஷத்துக்குள்ள வரப்போறது, ரெண்டு வருஷத்துக்குள்ள வரப்போறது. இந்தத் தாளை பத்திரமா வைங்க, 5-ஆவது படியில வேணும்.

3. பார்ட்ஸ் கிடைக்குமா

நம்ம பிரச்சினை என்னன்னா நல்லா ஓடுற சின்ன காருங்க பல நின்னு போச்சு. ஃபோர்டு இந்தியால உற்பத்தியை நிறுத்தறதா 2021-ல அறிவிச்சுட்டாங்க, போலோ 2022-ல நின்னுருச்சு, பலேனோ ஆர்எஸ்ஸும் இல்ல. நின்னு போன காருன்னாலே பார்ட்ஸ் கிடைக்காதுன்னு புரோக்கருங்க பயமுறுத்துவாங்க, அதை அப்படியே நம்பாதீங்க. என்ஜின் பார்ட்ஸும் பாடி பார்ட்ஸும் வேற வேற கதை. என் காரோட 1.0 டிஎஸ்ஐ குடும்பத்து என்ஜின்தான் ஃபோக்ஸ்வேகனோட டைகுன்லயும் விர்டஸ்லயும் வருது, அதனால என்ஜின் பக்கம் எனக்குப் பயமில்ல. ஹெட்லைட், பம்பர், டோர் டிரிம் இதெல்லாம்தான் வருஷம் போகப் போக கஷ்டம். ஹெட்லைட், ஃப்ரன்ட் பம்பர், விண்ட்ஷீல்டு, லோயர் ஆர்ம், கிளட்ச் செட், இந்த அஞ்சுக்கும் ரெண்டு கடைல விலையும் எத்தனை நாள்ல வரும்னும் கேட்டுப் பாருங்க. மூணுக்கு மேல "சொல்ல முடியாது சார்"னு பதில் வந்தா மாத்துற பக்கம் சாயறது நல்லது.

4. பேப்பரை எடுத்து வச்சு உக்காருங்க

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, லோன் இருந்தா பேங்க் என்ஓசி (ஆட்சேபம் இல்லங்கிற கடிதம்). நாலையும் டேபிள்ல வைங்க.

ஆர்சில பதிவு தேதியைப் பாருங்க. சொந்த உபயோகக் காருக்கு 15 வருஷம், அப்புறம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி 5 வருஷத்துக்கு ஒருக்க புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் முடிஞ்சு பண்ற முதல் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபா, பசுமை வரி தனி. "10 வருஷம் ஆயிட்டா டீசல் காரு ஓடாது, வந்த விலைக்குத் தள்ளிருங்க"ன்னு சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேக்கறவங்க இருக்காங்க. அது டெல்லி வட்டாரத்துக்கு வந்த கோர்ட் உத்தரவு, நம்ம ஊருக்குக் கிடையாது.

லோன் முடிஞ்சும் ஆர்சில பேங்க் பேரு அப்படியே கிடக்கும், பல பேரு கவனிக்கறதில்ல. படிவம் 35-ம் பேங்க் என்ஓசியும் கொடுத்து எடுக்கணும், அந்த என்ஓசிக்கு பொதுவா மூணு மாசம்தான் ஆயுசு. விக்கிற எண்ணம் இல்லாட்டியும் இன்னைக்கே முடிச்சுருங்க, பின்னாடி அவசரத்துக்கு இதுதான் மாட்டும்.

இன்சூரன்ஸ்ல ஐடிவி, அதாவது காருக்கு அவங்க போட்டிருக்கிற மதிப்பு, எவ்வளவுன்னு பாருங்க. 4 வருஷத்துக்கு மேல 5 வருஷம் வரைக்கும் காரோட விலைல 50 சதவீதம் கழிச்சிருவாங்க, 5 வருஷத்துக்கு அப்புறம் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றதுதான். பிரீமியம் குறையட்டும்னு ஐடிவியை ரொம்ப இறக்கிடாதீங்க, காரு மொத்தமா போச்சுன்னா கைக்கு வர்றது அந்தத் தொகைதான்.

5. காசுக் கணக்கு

2-ஆவது படில வாங்கின லிஸ்ட்டை எடுங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள வரப்போற எல்லா ரிப்பேரையும் கூட்டுங்க. இப்ப பக்கத்துல புது காரோட கணக்கைப் போடுங்க. 8 லட்சம் லோன், 9.5 சதவீதம் வட்டி, 5 வருஷம்னா மாசம் கிட்டத்தட்ட 16,800 இஎம்ஐ. மொத்த வட்டி மட்டும் 2 லட்சத்துக்கு மேல.

நான் வச்சிருக்கிற அளவுகோல் இதுதான்: ரெண்டு வருஷ ரிப்பேர் மொத்தம் ஒரு வருஷ இஎம்ஐயைவிடக் குறைவா இருந்தா வச்சுக்கோங்க. மேல சொன்ன லோனுக்கு அது 2 லட்சம் சொச்சம். ஒரு நல்ல சின்ன காருக்கு டயரு, சஸ்பென்ஷன், கிளட்ச், பேட்டரி, பெரிய சர்வீஸ் எல்லாம் சேர்த்தாலும் அந்த எல்லைக்குள்ளதான் பெரும்பாலும் நிக்குது. கியர்பாக்ஸோ டர்போவோ போயிருந்தா, இல்ல முன்னாடி அடிபட்டு சேஸிஸ் வளைஞ்சிருந்தா கணக்கு மாறிடும். "இந்தக் காருல இவ்வளவு போட்டுட்டேனே"ன்னு ஏற்கனவே செலவானதை மட்டும் இந்தக் கூட்டல்ல சேக்காதீங்க, அந்தக் காசு போனது போனதுதான்.

6. மாடிஃபை பண்றதுன்னா

வச்சுக்கறதுன்னு முடிவானவங்களுக்கு மட்டும்தான் இந்தப் படி.

முதல்ல சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, ஆர்சில இருக்கிற விவரமும் கம்பெனி கொடுத்த அமைப்பும் மாறுற மாதிரி காரை மாத்தக் கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியா சொல்லிருச்சு. அந்த வருஷம் வந்த திருத்தத்துல ஓனருக்கு மாற்றம் ஒண்ணுக்கு 5,000 ரூபா வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறைன்னு பிரிவு 182ஏ இருக்கு. சத்தமான சைலென்சர்னா பிரிவு 190, அதுல 10,000 வரைக்கும் போகும், லைசென்ஸும் மூணு மாசம் போகும். கலர் மாத்தினா ஆர்சில ஏத்தணும். முன்னாடி இரும்புக் கம்பி கார்டு போடறதுக்கு 2017-லயே மத்திய அரசு தடை சொல்லிருச்சு, இடிச்சா ஏர்பேக் சரியான நேரத்துல விரியாமப் போக வாய்ப்பிருக்கு.

போலீஸைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். சொல்லாம மாத்தின காரு இடிச்சா, சர்வேயர் ரிப்போர்ட்டுல அதை எழுதினா, கிளெய்ம் குறையலாம், மொத்தமாவும் மறுக்கலாம். அதனால எதைப் போட்டாலும் முன்னாடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு பதிலை எழுத்துல வாங்கி வைங்க.

இப்ப எதுல காசு போடலாம். முதல்ல டயரு, அப்புறம் பிரேக் பேட், டிஸ்க், அப்புறம் கம்பெனி அளவுலயே நல்ல ஷாக் அப்சார்பர். இந்த மூணுலயே காரு ஓட்டற சொகம் முக்கால்வாசி திரும்பி வந்துரும், சட்டச் சிக்கலும் கிடையாது. ஸ்பீக்கர் மாத்தறதுன்னா ஒயரை வெட்டாம கப்ளர் போட்டு மாத்தச் சொல்லுங்க.

டயர் சைஸ் கணக்கு ஒரு தடவை போட்டுப் பழகிட்டீங்கன்னா கடைல ஏமாற மாட்டீங்க. என் காருக்கு 195/55 ஆர்16. 195-ல 55 சதவீதம் 107 மில்லிமீட்டர், இதுதான் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் உயரம். ரெண்டு பக்கம் சேர்த்து 214.5, அதோட 16 இன்ச் ரிம்மோட 406.4-ஐக் கூட்டினா சக்கர விட்டம் கிட்டத்தட்ட 621 மில்லிமீட்டர் வரும். புது சைஸ் இதுல இருந்து 3 சதவீதத்துக்கு மேல மாறக் கூடாது, இல்லன்னா ஸ்பீடாமீட்டர் தப்பாக் காட்டும். 205/45 ஆர்17 போட்டா விட்டம் 616, கணக்கு சரியா வருது, ஆனா ரப்பர் உயரம் 92-க்கு இறங்கிடுது. அந்த 15 மில்லிமீட்டர்தான் நம்ம ஊரு குழில ரிம்மைக் காப்பாத்துறது. உங்க மாடலோட டாப் வேரியன்ட்டுல கம்பெனி என்ன சைஸ் கொடுத்தாங்களோ அதோட நின்னுக்கறது எல்லா வகையிலயும் நல்லது.

லோயரிங் ஸ்பிரிங் (காரோட உயரத்தைக் குறைக்கிறது) இந்தப் பக்கத்துக்கு வேணவே வேணாம். நம்ம ஊருகள்ல தெரு நேரா அகலமாத்தான் இருக்கும், ஆனா வீட்டு வாசல் மேடும் ஸ்பீடு பிரேக்கரும் அடிவயித்தைத் தட்டிரும்.

ரீமேப் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. நான் விசாரிச்சப்ப 25,000-ல இருந்து 40,000 வரைக்கும் சொன்னாங்க. பவர் ஏறுறது உண்மை. கிளட்ச்சும் கியர்பாக்ஸும் பழைய பவருக்கு செஞ்சதுங்கிறதும் உண்மை, வாரன்டி இருந்தா போயிரும், புகை அளவும் மாறும், சட்டமும் இன்சூரன்ஸும் மேல சொன்னதுதான். 1,070 கிலோ சொச்சம் எடையில 110 பிஎஸ் இருக்கிற காருக்கு நம்ம ரோட்டுல அது பத்தாதுன்னு என்னால சொல்ல முடியாது. திருமயத்துல இருந்து தேவகோட்டை வரைக்கும் போற ரோட்டுல டூவீலர், ஆடு மாடு, எதிர்ல வர்ற பஸ்ஸுன்னு எல்லாம் உண்டு, அங்க பிரேக்குதான் வேணும். என் பணத்தை நான் அதுலதான் போட்டேன்.

ஹெட்லைட்டுல கண்டபடி எல்இடி பல்பு போடாதீங்க, எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு தெரியாமப் போகுது. கண்ணாடி விஷயத்துல, முன் பின் கண்ணாடில 70 சதவீதமும் சைடுல 50 சதவீதமும் வெளிச்சம் உள்ள வரணும், அதுதான் விதி.

கழட்டின ஒரிஜினல் பார்ட்ஸ் எதையும் ஒர்க்ஷாப்புல விட்டுட்டு வராதீங்க. விக்கிற அன்னைக்கு ஸ்டாக் காருக்குத்தான் (கம்பெனில வந்தபடியே இருக்கிறது) ஆளு வருவாங்க, மாடிஃபிகேஷன்ல போட்ட காசு விலைல திரும்பாது.

7. மாத்துறதுன்னா

2025 செப்டம்பர் 22-ல இருந்து 4 மீட்டருக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்கிற பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். டீசல்னா 1500 சிசி வரைக்கும். இந்த அளவைத் தாண்டினா 40. அதனால 1.0 டர்போ சின்ன காருங்க இப்ப முன்னைவிட தோது. ஐ20 என் லைன் 120 பிஎஸ், ஃபிராங்ஸ் டர்போ 100 பிஎஸ், ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. புது ஸ்விஃப்ட் 82 பிஎஸ்தான், ஆனா லேசான காரு, சிட்டிக்குள்ள சுறுசுறுப்பா இருக்கும்.

நம்ம மாநில ஆயுள் வரில ஒரு பெரிய படிக்கட்டு இருக்கு. 5-ல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், 10-ஐத் தாண்டினா 20 லட்சம் வரைக்கும் 18. 9.9 லட்சம் காருக்கு வரி 1,28,700, 10.1 லட்சம் காருக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபா வித்தியாசத்துக்கு வரில 53,000 கூட. அதோட 10 லட்சத்துக்கு மேல போனா 1 சதவீதம் டிசிஎஸ்னு வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பாங்க, அது ரிட்டர்ன் போட்டா திரும்பி வரும், ஆயுள் வரி திரும்பி வராது. வேரியன்ட் பாக்கறப்ப இந்தக் கோட்டை மனசுல வச்சுக்கோங்க.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் முன்னாடி இருக்கிற நல்ல ரோட்டுல முடிச்சுக்காதீங்க. வீட்டுக்கு வரச் சொல்லுங்க, நாலு பேரு ஏறி, உங்க தெரு, உங்க வாசல் மேடு, உங்க ஸ்பீடு பிரேக்கர்ல ஓட்டிப் பாருங்க. வயசானவங்களை ஏத்தி இறக்கிப் பாருங்க.

நேரம்னு பாத்தா ஆடிலயும் மார்கழிலயும் நம்ம ஆளுங்க காரு எடுக்க மாட்டாங்க, அதனால ஷோரூம்ல விலை பேச அதுதான் நல்ல நேரம். அப்ப புக் பண்ணி விலையை எழுத்துல வாங்கிட்டு, ஆவணிலயோ தைலயோ டெலிவரி எடுத்து பிள்ளையார்பட்டில பூஜை போட்டுக்கலாம். டிசம்பர்ல டிஸ்கவுண்ட் அதிகம்தான், ஆனா டெலிவரிக்கு முன்னாடி தயாரிப்பு மாசம் என்னன்னு கேட்டு சேஸிஸ் நம்பரோட எழுதி வாங்குங்க.

8. பழசை விக்கிறப்ப

எக்ஸ்சேஞ்ச், யூஸ்டு கார் கம்பெனி, நேரா ஒரு ஆளு, மூணு பக்கமும் விலை கேளுங்க. நேரா விக்கிறதுல விலை கூட வரும், அலைச்சலும் கூட வரும்.

பேரு மாத்த வேண்டியது: படிவம் 29, படிவம் 30, ரெண்டு பேரோட அடையாளச் சான்று, முகவரிச் சான்று, ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று. வெளி மாநிலத்துக்குப் போகுதுன்னா படிவம் 28-ல ஆர்டிஓ என்ஓசி. பெண்டிங் ஃபைன் எல்லாத்தையும் பரிவாஹன்ல (மத்திய அரசோட வாகன வெப்சைட்) பாத்துக் கட்டிருங்க. அரசுக் கட்டணம் பெருசா ஒண்ணும் இல்ல, புரோக்கர் சொல்ற தொகைல பெரும்பகுதி அவரோட கூலிதான்.

பெரிய பொறி எதுன்னா வெத்துப் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறது. "ஆளு கிடைச்சதும் நாங்க மாத்திக்கறோம்"பாங்க. அதுவரைக்கும் ஆர்சில உங்க பேருதான். அந்தக் காரு எங்கயாவது இடிச்சா நஷ்ட ஈடு ஆர்சில பேரு உள்ளவர் தலைலதான்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. வாங்கறவர் பேரு எழுதாத படிவத்துல பேனாவை வைக்கவே வைக்காதீங்க. மாநிலத்துக்குள்ள விக்கிறப்ப 14 நாளுக்குள்ள ஆர்டிஓக்கு தகவல் சொல்றது உங்க கடமை, இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள தன் பேருக்கு மாத்தறது வாங்கினவர் கடமை.

சாவி கொடுக்கறப்ப தேதியோட மணியையும் எழுதி டெலிவரி நோட்டு வாங்குங்க, வாங்கறவரையும் காரையும் ஓடோமீட்டரையும் போட்டோ எடுத்துக்கோங்க. ஃபாஸ்டாக்கை அன்னைக்கே க்ளோஸ் பண்ணுங்க. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் பண்ணாத வருஷங்களுக்குப் பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி) உங்களுது, காரோடது இல்ல, 50 சதவீதம் வரைக்கும் சேந்திருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனில லெட்டர் வாங்கி வச்சா 3 வருஷத்துக்குள்ள புது காருக்குப் போட்டுக்கலாம். ஷோரூம்ல இதை அவங்களா கேக்க மாட்டாங்க, நீங்கதான் நீட்டணும்.

மாசம் ஒண்ணு ஆனதும் பரிவாஹன்ல உங்க பழைய வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. ஓனர் பேரு எழுத்து மறைச்சுத்தான் காட்டும், ஆனாலும் மாறிருச்சான்னு தெரிஞ்சுரும். மாறலைன்னா டெலிவரி நோட்டோட நகலை எடுத்துட்டு ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல மனு கொடுத்து, வாங்கினதுக்கு சீல் போட்டு வாங்கிட்டு வாங்க.